ஜூஸ் கடைச் சக்கையில் கல்: இதுவரை பார்த்தது

கரும்புச் சக்கையில் இருக்கும் கார்பன் காற்றுக்குத் திரும்பாமல் பூட்டி வைக்க, அதைச் சுண்ணாம்போடு கலந்து சுவர்க் கல் போடும் வேலை ஒரு நிலைக்கு வந்திருக்கிறது, தெரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

முதலில் உமியைத்தான் யோசித்தேன். செங்குன்றம் பக்கம் அரிசி ஆலைகள் நிறைய, உமியில் சிலிக்கா அதிகம் என்பதால் எளிதில் மக்காது, கல்லுக்கு நல்ல சரக்கு. ஆனால் நெல் அவிக்கும் கொதிகலனுக்குப் பல ஆலைகளில் அந்த உமிதான் எரிபொருள். அதை நான் வாங்கி வந்தால் அங்கே வேறு எதையோ எரிப்பார்கள், பிறகு கார்பனைப் பிடித்து வைத்தேன் என்று நான் சொல்வதில் அர்த்தமே இல்லை. ஜூஸ் கடைச் சக்கை அப்படியில்லை. மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போய், குப்பைமேட்டில் காற்றுப் புகாத அடுக்குக்குள் அழுகி, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவாக வெளியே வருகிறது. தெருமுனைக் கடை அண்ணனிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போங்க சார், எனக்கு இடம் மிச்சம்" என்றார்.

பிழிந்த சக்கையில் இனிப்பு மிச்சம் இருக்கும், அதுதான் இதில் முக்கியமான விஷயம். சிமெண்டில் சர்க்கரை துளி சேர்ந்தாலே இறுகுவது தள்ளிப்போகும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே கழுவாத சக்கையைச் சிமெண்டில் கலந்து ஒரு கல் போட்டேன், அச்சைப் பிரித்ததும் விரலாலேயே உதிர்க்க முடிந்தது. சுண்ணாம்புக்கு அந்தப் பயம் இல்லை. நம் பழைய கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சுண்ணாம்புச் சாந்தில் வேண்டுமென்றே ஊற்றினவர்கள்தானே! இருந்தாலும் எறும்பும் பூஞ்சையும் வரக்கூடாது என்று சக்கையை வெந்நீரில் அலசி, மொட்டை மாடியில் மொறமொறவென்று காயவைத்து, விரற்கடை அளவுக்கு நறுக்கிக்கொண்டேன்.

எவ்வளவு சுண்ணாம்பு என்பதில்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. காய்ந்த சக்கையில் கிட்டத்தட்ட பாதி எடை கார்பன், அதாவது ஒரு கிலோ சக்கை சுமார் 1.6 கிலோ கார்பன் டை ஆக்சைடைப் பூட்டி வைத்திருக்கிறது. மறுபக்கம், ஒரு கிலோ நீற்றிய சுண்ணாம்புக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்து மட்டும் ஏறக்குறைய 0.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும், சூளை எரிபொருள் தனி. கல் காற்றை இழுத்து இறுக இறுக அந்த 0.6 மெல்லத் திரும்பி வரும், எரிபொருளில் போனது வராது. எனவே வலிமைக்காகச் சுண்ணாம்பை ஏற்றிக்கொண்டே போனால் கார்பன் கணக்கு இளைத்துவிடும். சக்கையின் எடைக்கு ஒன்றரைப் பங்கு சுண்ணாம்பில் நிறுத்திக்கொண்டேன். (கையுறையும் கண்ணாடியும் போடாமல் சுண்ணாம்பைத் தொடாதீர்கள், தோலை அரித்துவிடும்.)

இறுகியிருக்கிறதா என்று பார்க்க மஞ்சள் போதும். கல்லை உடைத்து, உடைந்த முகத்தில் மஞ்சள் தண்ணீரைத் தடவினால் இன்னும் காற்றுப் படாத உட்பகுதி குங்குமச் சிவப்பாக மாறும், காற்றோடு சேர்ந்து இறுகிய விளிம்பு வெளிறி நிற்கும். என் கற்களில் அந்த வெளிறிய விளிம்பு மெல்லிய பட்டையாகத்தான் இருக்கிறது, உள்ளே போக மாதக்கணக்கில் ஆகும். ஓரளவு ஈரம் இருந்தால்தான் இந்த இறுக்கம் நடக்கும், முழுக்க நனைந்துவிட்டால் துளைகள் அடைபட்டு நின்றுவிடும். நம் கடற்கரைக் காற்று இதற்குத் தோதானது, ஐப்பசி மழை தோதில்லை.

பாரம் தாங்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாங்காது. சாதாரணச் செங்கல்லுக்கே இந்தியத் தரத்தில் குறைந்தபட்ச வகுப்பு 3.5 மெகாபாஸ்கல் (எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதன் அளவு), இந்த வகைச் சக்கைக் கல் பொதுவாக அதன் பக்கத்தில்கூட வராது. 2021-ல் ஐஐடி ஹைதராபாத் வளாகத்தில் விவசாயக் கழிவுக் கல்லால் காவலர் அறை கட்டியபோதும் பாரத்தை இரும்புச் சட்டத்துக்குத்தான் கொடுத்தார்கள். இதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: எடை குறைவு, உள்ளே காற்றறைகள், சூட்டை மெதுவாகக் கடத்தும். மேற்கு வெயில் தாக்கும் சுவருக்கு வெளிப்பக்கமாக ஒரு அடுக்கு வைத்துச் சுண்ணாம்புப் பூச்சு பூசினால், சித்திரையில் உள்ளறைக்கு நல்ல வித்தியாசம் தெரியும் என்று நம்புகிறேன்.

அடுத்து அதைத்தான் செய்யப்போகிறேன். மாடிப்படி அறையின் மேற்குச் சுவரில் பாதிக்கு மட்டும் கல் வைத்து, இரண்டு பாதியின் உள்முகத்திலும் வெப்பமானி ஒட்டி, மத்தியானமும் ராத்திரியும் குறித்துக்கொள்ளப் போகிறேன். அடிவரிசையைத் தரையிலிருந்து ஒரு செங்கல் உயரம் தூக்கி வைக்கவேண்டும், மழைத்தண்ணீர் தேங்கினால் சக்கை உறிஞ்சிவிடும்.