ஆர்.கே.புரம் தெருவும் சஞ்சய் வனமும்: ஓராண்டு நடைக்கணக்கு

அக்டோபர். ஓய்வு பெற்றபின் நடக்கத் தொடங்க தில்லியில் இதைவிடத் தோதான மாதம் இல்லை. முதல் இரண்டு வாரம் தெருவோடு சரி. மலை மந்திர் என்கிற குன்றுமேல் முருகன் கோயில் பக்கம் போய்த் திரும்ப 20 நிமிடம், பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டல். பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாடத்தான் முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். கோயில் படிகளில் ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை முதலில் கீழே வைக்க வேண்டும். சாயங்காலம் போனால் ஏழிலைப்பாலைப் பூவின் வாசம். சிலருக்கு அது தலைவலி.

நவம்பர் முதல் ஜனவரி வரை. நம்மவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். விடியற்காலை 5 மணி நடை ஊர்ப் பழக்கம். தில்லிக் குளிரில் அது பாதகம். இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும், மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். புகையெல்லாம் அந்த மூடிக்குக் கீழே. வெயில் ஏறித் தரை சுட்டால்தான் அது கலையும். ஜனவரியில் சூரியன் உதிக்கவே 7.15 ஆகிவிடும். எனவே நடை மதியம் 12-லிருந்து 3-க்குள். கிளம்புமுன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் காற்றுத்தரக் குறியீடு (எண் கூடினால் காற்று மோசம்) பார்க்க வேண்டும். 200-க்குள் இருந்தால் வழக்கம்போல், 300 வரை பாதி தூரம், அதற்கு மேல் வீட்டு வராந்தாவோடு சரி. இதய, ஆஸ்துமாக்காரர்கள் 200 தாண்டினாலே வெளியே போகாமலிருப்பது உத்தமம். என்-95 மாஸ்க் போட்டபின் கண்ணாடியில் ஆவி படிந்தால் மூக்கோரம் காற்று கசிகிறது என்று பொருள்; கம்பியை அழுத்திவிட வேண்டும்.

பிப்ரவரி கடைசி. காற்று தேறியதும் வாரத்துக்கு இரண்டு நாள் தெற்கு தில்லிக் காடான சஞ்சய் வனம். வாசல்வரை ஆட்டோ, உள்ளே ஒரு மணி நேரம். தில்லியின் பழங்கோட்டையான லால் கோட்டின் சுவர் மிச்சம் உள்ளேதான் கிடக்கிறது. காட்டின் பெரும்பகுதி இந்தியில் விலாயதி கீக்கர், அதாவது நம்மூர்ச் சீமைக்கருவேலம். இரண்டு மொழியும் அதை வெளிநாட்டு மரம் என்று பெயரிலேயே ஒதுக்கி வைத்திருக்கின்றன!

அதன் முள் தனிக் கதை. மெத்தென்ற ஸ்பாஞ்சு அடிப்பாகமுள்ள ஷூவில் சுலபமாக ஏறும். இழுத்தால் வெளியே இருக்கும் பாதி ஒடிந்து வரும், முனை உள்ளேயே தங்கிவிடும். கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உடல் பாரம் அழுந்தும்போது மட்டும் குத்தும். உள்ளட்டையை உருவிவிட்டு, ஷூவை வளைத்து, உள்பக்கத்தை ஒரு கரண்டிக் காம்பால் அழுத்திக்கொண்டே வந்தால் முனை தலைகாட்டும். அங்கே முள்வாங்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். வாங்கும்போதே கெட்டி ரப்பர் அடி உள்ளதாகப் பார்ப்பது நல்லது. ஷூவைச் சாயங்காலம் வாங்க வேண்டும், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும்.

மார்ச். வேம்பு இலை கொட்டும், முள்ளிலவு சிவந்து நிற்கும், பூவில் கிளிகளும் மைனாக்களும். இந்த ஒரு மாதம் வேகத்தை மறந்துவிடலாம்.

மே, ஜூன். நேரம் தலைகீழ். 5.30-க்குக் கிளம்பி 6.45-க்குள் வீடு. அரை லிட்டர் தண்ணீர் கட்டாயம். சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜூலை, ஆகஸ்ட். காட்டுப்பாதைப் பாறையில் பாசி வழுக்கும், புல்லுக்குள் பாம்பு இருக்கலாம். மழை நின்ற மறுநாள் தெருவே போதும். கைத்தடி மணிக்கட்டு உயரம் இருக்க வேண்டும். அடி ரப்பரின் வரிகள் தேய்ந்து மழுங்கிவிட்டால் மாற்றிவிட வேண்டும், ஈரத் தரையில் முதலில் நழுவுவது அதுதான். பிஸ்கட் பொட்டலம் கையில் தெரிய வேண்டாம், குரங்கு விடாது.