மனசு வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு

"மனசே வரமாட்டேங்குதுங்க." வேலை போய் வீட்டில் இருப்பவரும் சரி, குரூப் 4-க்குப் படிப்பதைப் பாதியில் விட்டவரும் சரி, திருப்பூர், ஈரோடு பக்கம் இதைத்தான் சொல்கிறார்கள். மனசு முன்னால் வராது. வேலையைத் தொட்ட பிறகுதான் வரும். அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970-களில் மனச்சோர்வை இந்தக் கோணத்தில்தான் பார்த்தார். செயல் குறைந்தால் நிறைவு தரும் விஷயங்கள் குறையும், சோர்வு கூடும், செயல் இன்னும் குறையும். இந்தச் சுழலில் நம் கைக்கு எட்டுவது செயல் மட்டும்தான்.

முதல் 3 நாள் எதையும் மாற்றாதீர்கள். மணிக்கு ஒரு வரி எழுதுங்கள்: என்ன செய்தோம், மனநிலை 10-க்கு எத்தனை. நோட்டில்தான் எழுத வேண்டும். போனை எடுத்தால் ரீல்ஸ் இழுத்துவிடும். மத்தியானம் படுத்துக்கொண்டு போன் பார்த்த வரியில் 2 இருக்கும், கடைக்கு நடந்து போய்த் தேங்காய் வாங்கிவந்த வரியில் 4 இருக்கும். அந்த 4-ஐ விடாதீர்கள். அது எந்த நேரம், என்ன வேலை என்று பாருங்கள்.

நான்காம் நாள் ஒரே வேலை, 10 நிமிடத்துக்குள். குரூப் 4-ல் 200 கேள்வி, அதில் 100 தமிழ். "தமிழ் படிக்கணும்" என்றால் எங்கே தொடங்குவது? "டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் திண்ணையில் உட்கார்ந்து 5 கேள்வி" என்றால் உடம்பே போய் உட்காரும். முந்தின ராத்திரியே புத்தகத்தை அந்தப் பக்கத்தில் விரித்து, மேலே பேனாவை வைத்துவிடுங்கள். போன் அடுத்த ரூமில். நைட் ஷிப்ட் போகிறவர்கள் காலையை விட்டுவிட்டு, தூங்கி எழும் நேரத்திலிருந்து கணக்குப் போடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது இரண்டாம் நாள்தான். நன்றாக ஓடுகிறதே என்று முதல் நாளே 50 கேள்வி போட்டால், மறுநாள் 50-ஐ நினைத்தே படுத்துவிடுவோம். முதல் வாரம் 5-ல் நிறுத்துங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் 10 என்று சேர்க்காமல் 2 மட்டும் போடுங்கள். சோமனூரில் தறி ஓட்டுகிறவர், பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், ஓரிழை அறுந்தால் அந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டுவிட்டுத் தறியை ஓட்டுவார். அதற்காகப் பாவு முழுவதையும் மாற்றப் போவதில்லை.

வீட்டில் இருப்பவர்கள் "சும்மாவேதான உக்காந்திருக்கறே" என்று சொல்லாதீர்கள். "கண்ணு, கடை வரைக்கும் போயிட்டு வரலாம் வா" என்று கூடவே நடங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் கெட்டிருந்தால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் பி12 குறைவும் இதே சோர்வைத் தரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நோட்டெல்லாம் அப்புறம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். பேச வாய் வரவில்லையென்றால் பக்கத்தில் இருப்பவரைப் போன் போடச் சொல்லுங்கள்.