ப்ளகின் நிறுவும்போது எடுபடாத சூழல் மாறிகள்

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளின் 8ஆம் பதிப்பில், பல மொழி உரைகளைக் கையாள உதவும் ஐசியு அனாலிசிஸ் ப்ளகினை (செருகுநிரலை) நிறுவியபோது, ஷெல்லில் எக்ஸ்போர்ட் செய்த சூழல் மாறிகள் (நிரல்கள் படிக்கும் அமைப்பு மதிப்புகள்) எதுவுமே எடுபடவில்லை. மதிப்பைத் திரையில் காட்டும் எக்கோ கட்டளையைப் போட்டால் மதிப்பு சரியாகத்தான் வந்தது. சிக்கல், நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடோவில். அது வழக்கமாக நம் சூழலைத் துடைத்துவிட்டுத்தான் கட்டளையைத் தொடங்கும். அதனால் எக்கோவை நம்பாதீர்கள். சூடோவோடு, மாறிகளைப் பட்டியலிடும் என்வி கட்டளையை ஓட்டிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத மாறி ப்ளகின் கட்டளைக்கும் போகாது. சூடோவுக்கும் கட்டளைக்கும் நடுவே, ஒரே வரியில் மாறியை எழுதியதும் போய்ச் சேர்ந்தது.

அடுத்து ஜாவா. 8இல் 'ஜாவா ஹோம்' மாறியைப் புறக்கணித்து, கூடவே வரும் ஜேடிகேவையே (ஜாவா தொகுப்பையே) எடுத்துக்கொள்கிறது. ஓர் எச்சரிக்கை வரி மட்டும் வரும். வேறு ஜாவா கட்டாயம் வேண்டுமென்றால் 'ஈஎஸ் ஜாவா ஹோம்' என்ற மாறி இருக்கிறது. அதில் 'பின்' (bin) என்ற கோப்புறை வரை பாதை கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஸ்கிரிப்ட் தானாகவே 'பின்', 'ஜாவா' என்று பாதையில் சேர்ப்பதால், 'பின்'னுக்குள் இன்னொரு 'பின்'னைத் தேடி, ஜாவா கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். பிழைச் செய்தியில் உள்ள பாதையை எழுத்தெழுத்தாகப் படித்தாலே பிடிபடும். தேவை இல்லையென்றால் அந்த மாறியை எடுத்துவிடுவதே நல்லது.

அதிக நேரம் தின்றது, இணையத்துக்கு இடையே நிற்கும் இடைநிலை சர்வரான ப்ராக்ஸிதான். தரவிறக்கும் கட்டளையான கர்ல் ஓடுகிறது, ப்ளகின் மட்டும் டைம் அவுட் ஆகிறது. காரணம், ப்ளகினைத் தரவிறக்குவது ஜாவா. கர்ல் படிக்கும் 'எச்டிடிபிஎஸ் ப்ராக்ஸி' மாறியை அது கண்டுகொள்ளாது. ப்ராக்ஸி ஹோஸ்ட், ப்ராக்ஸி போர்ட் இரண்டையும் தனித்தனி மைனஸ் டி (-D) பண்புகளாக, அதாவது ஜாவாவுக்கான அமைப்புகளாக, 7இல் 'ஈஎஸ் ஜாவா ஆப்ட்ஸ்' வழியாகவும், 8இன் புதிய வெளியீடுகளில் 'சிஎல்ஐ ஜாவா ஆப்ட்ஸ்' வழியாகவும் கொடுக்க வேண்டும். எச்டிடிபி பண்புகளை மட்டும் கொடுத்தால் பலனில்லை. கோப்பு எச்டிடிபிஎஸ்ஸில்தான் வருகிறது. மேற்கோள் குறிக்குள் முழுவதையும் அடைக்காவிட்டால் இடைவெளியில் ஷெல் வெட்டிவிடும்.

இணையமே இல்லாத சர்வரில் ஜிப்பைக் கொண்டுவந்து, ஃபைல் என்று தொடங்கி மூன்று சாய்கோட்டோடு முழுப் பாதையைக் கொடுத்தால் போதும். ஆனால் பதிப்பு கடைசி எண் வரை பொருந்த வேண்டும், 8.10.2 சர்வர் 8.10.4 ப்ளகினை ஏற்காது.

கன்ஃபிக் கோப்புறையை மாற்றியிருந்தால் 'ஈஎஸ் பாத் கான்ஃப்' மாறியை ஷெல்லில் வைப்பது போதாது. டெபியன் தொகுப்பில் நிறுவியிருந்தால் எட்சிக்குள் (/etc) டீஃபால்ட் கோப்புறையிலும், ஆர்பிஎம் தொகுப்பில் என்றால் அதே எட்சிக்குள் சிஸ்கான்ஃபிக் கோப்புறையிலும் உள்ள எலாஸ்டிக்சர்ச் கோப்பில் எழுதுங்கள்.

கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு நோடிலும் (சர்வரிலும்) நிறுவி, ரீஸ்டார்ட் செய்தபின், நிறுவிய ப்ளகின்களைப் பட்டியலிடும் கேட் ப்ளகின்ஸ் ஏபிஐயில் எல்லா நோடின் பெயரும் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.