இமேஜ் எடுப்பது சுலபம், திரும்ப வருமா?

சிவகாசியில் ஓர் அச்சகத்தின் கம்ப்யூட்டர்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே டிசைனிங் நடக்கும் சிஸ்டம் ஒன்று உண்டு. பேஜ்மேக்கர் 7, பழைய கோரல் டிரா, பாமினி வகையறா ஃபான்ட்டுகள், தமிழ் டைப்பிங்குக்கு ஒரு டாங்கிள் (மாட்டினால்தான் மென்பொருள் ஓடும் சாவி) என்று எல்லாம் அதில்தான். நிறுவிக் கொடுத்த ஆபரேட்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். சிடிக்களும் அவரோடு போயின. வேலை ஃபைல்களை மட்டும் காப்பி எடுத்து வைத்தால் போதாது. டிஸ்க் போனால் அந்த அமைப்பை மறுபடி உருவாக்க ஆளில்லை. ஆடிப்பெருக்கன்று புத்தாண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியானால், அப்புறம் ஆர்டர் ஓயும்வரை மெஷின் நிற்கக்கூடாது. ஆக, விண்டோஸ், மென்பொருள்கள் எல்லாம் சேர்த்து முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே நகலாக, அதாவது இமேஜாக எடுப்பதுதான் வழி.

முன்பெல்லாம் இதற்கு நார்ட்டன் கோஸ்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். 2013-இல் அதை நிறுத்திவிட்டார்கள். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் சிஸ்டம் இமேஜ் வசதியை மைக்ரோசாஃப்டே 2017-இல் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. பலரும் நம்பியிருந்த மேக்ரியம் இலவசப் பதிப்புக்கு 2024 தொடக்கத்தோடு அப்டேட் நின்றது. குளோன்ஸில்லா இன்றும் இலவசம். எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் சிஸ்டத்தை நிறுத்தி, பென் டிரைவில் பூட் செய்து, கறுப்புத் திரையில் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். மூல டிஸ்க்கைவிடச் சிறிய டிஸ்க்கில் திரும்பக் கொட்டவும் சாதாரணமாக விடாது. அச்சகத்து அண்ணாச்சி அதன் முன்னால் உட்கார மாட்டார்.

காசு கொடுத்து வாங்குவது என்று முடிவானதும், இரண்டு நிறுவனங்களின் சோதனைப் பதிப்புகளை நிறுவினேன். இரண்டுமே பாதியில் நின்றன. காட்டிய பிழை எண்ணும் ஒன்றுதான்: 0x8004231f. சரி, இதுவும் நல்லதுக்குத்தான் என்று அதே பிழையை, நடந்ததையெல்லாம் மென்பொருள் குறித்துவைக்கும் அதே லாக் ஃபைலோடு, இரண்டு பேருக்கும் அனுப்பினேன். பெட்டியின் மேலே எழுதியிருக்கும் வசதிகளைவிட, சப்போர்ட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே எனக்கு முக்கியம்.

முதல் நிறுவனத்தில் சாட். ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை. மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள், ஆன்டிவைரஸை நிறுத்துங்கள், கடைசியில் விண்டோஸையே மறுபடி போடுங்கள் என்றார்கள். விண்டோஸை மறுபடி போடக்கூடாது என்பதற்காகத்தானே ஐயா இதை வாங்க வந்தேன்! அனுப்பிய லாக் ஃபைலை அங்கே யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது நிறுவனத்தில் சாட்டும் இல்லை, போனும் இல்லை, மின்னஞ்சல் மட்டும். மறுநாள் காலை பதில் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தை இமேஜ் எடுக்க விண்டோஸின் ஷேடோ காப்பி (டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையைப் பிடித்துவைக்கும் வசதி) வேண்டும். அதற்கு டிஸ்க்கின் ஒவ்வொரு பிரிவிலும், அதாவது பார்ட்டிஷனிலும் கொஞ்சம் காலியிடம் வேண்டும். உங்கள் ரெக்கவரி பார்ட்டிஷன் நிரம்பிக் கிடக்கிறது, லாக்கில் இந்த வரியைப் பாருங்கள் என்று வரியையே வெட்டி ஒட்டியிருந்தார்கள். இடம் ஒதுக்கினேன், இமேஜ் ஓடி முடிந்தது.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். மீட்புக்கான பென் டிரைவைத் தயாரித்து பூட் செய்தால், வெளியே மாட்டிய டிஸ்க் தெரிகிறது. சிஸ்டத்துக்கு உள்ளே இருக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டி இல்லவே இல்லை. விபத்து நடந்த அன்று இதைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! புதிய இன்டெல் சிஸ்டங்கள் பலவற்றில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும். அதற்கான டிரைவர் மீட்பு டிரைவில் இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணில் படாது. பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் செட்டிங்கில்) விஎம்டியை அணைத்துவிடு என்று நண்பர் ஒருவர் சொன்னார். அப்படி அணைத்தால், ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் நீலத்திரை காட்டி நிற்க வாய்ப்புண்டு என்று சப்போர்ட்டில் எச்சரித்தார்கள். சிஸ்டம் தயாரித்தவரின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி, செட்டப்பை ஓட்டாமல் பிரித்து, உள்ளே டிரைவர் விவரம் அடங்கிய ஐஎன்எஃப் ஃபைல் உள்ள ஃபோல்டரை மட்டும் மீட்பு டிரைவில் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்ததும் எஸ்எஸ்டி பளிச்சென்று வந்து நின்றது.

பழைய எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துவிட்டு, வேறொன்றில் இமேஜைக் கொட்டிப் பார்த்தோம். விண்டோஸ் எழுந்தது. பேஜ்மேக்கரில் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்து, "எழுத்து ஒண்ணும் கட்டம் கட்டமா மாறலையே தம்பி?" என்று அண்ணாச்சி உருப்பெருக்கிப் பார்த்தார். மாறவில்லை. ஒரே ஒரு மென்பொருள் மட்டும் டிஸ்க் மாறியதைக் கண்டுபிடித்து மறுபடி உரிமச் சாவி கேட்டது. அதை எழுதி வைத்துக்கொண்டோம்.

இப்போது சனிக்கிழமை மாலை இமேஜ் எடுத்து, சரிபார்த்து, வெளி டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். மாட்டியே வைத்திருந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். டிஸ்க் இரண்டு, வாரம் ஒன்றாக மாறும். ஒன்று அண்ணாச்சி வீட்டில்.

பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் எழுத்தில் கேட்டேன்: ஆண்டுச் சந்தா முடிந்துபோனால், பழைய இமேஜைத் திரும்பக் கொட்ட முடியுமா? முடியும், மீட்பு டிரைவ் போதும் என்று அந்த மின்னஞ்சல் ஆசாமிகள் பதில் போட்டார்கள். முதல் நிறுவனத்திடமும் அதே கேள்வியைக் கேட்டேன். சந்தாவுக்குத் தள்ளுபடி இருப்பதாகச் சொன்னார்கள்.