பெரியப்பாவின் இருக்கையில் ஏறிய பயணி

அத்தான் கார் வாங்கப் போகிறார் என்ற செய்தி எங்கள் ஒழுங்கையில் பரவிய நாளிலிருந்து, சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்திருக்காதவர்களெல்லாம் வாகன நிபுணர்களாகிவிட்டார்கள். எங்கள் வீட்டு நிபந்தனைகளோ அவர்களையே திணறடித்தன. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மாமி கௌரவமாகப் போய் இறங்கக்கூடிய குடும்பக் காராக அது இருக்க வேண்டும். மற்ற நேரங்களில் அத்தான் அதையே வாடகைக்கு ஓட்டி, காருக்கான லீசிங் தவணையைக் கட்ட வேண்டும். பெற்றோல் குடிக்கக் கூடாது. உறவினர் கண்ணுக்கு அது டாக்சி என்றும், டாக்சி பிடிப்பவர் கண்ணுக்கு அது மாமியின் கார் என்றும் தெரியக் கூடாது. இத்தனை பொருத்தமும் பார்த்திருந்தால் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் கலியாணம் நடந்திருக்காது.

அத்தான் வேலை பார்த்த இடத்தை ஒரு நாள் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் ஒருவரும் "டாக்சி ஓட்டப் போகிறார்" என்று வாய் திறந்து சொல்வதில்லை. "சும்மா நிற்கிற நேரத்தில் ஒன்றிரண்டு ஹயர்" என்றுதான் சொல்வோம். அந்த ஒன்றிரண்டை நாளொன்றுக்குப் பத்தாக்கினால்தான் லீசிங் கட்டலாம் என்ற கணக்கு அக்காவின் கைப்பேசியில் இருந்தது, ஆனால் அதை எவரும் அத்தானுக்கு முன்னால் திறப்பதில்லை.

பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுகிற ஹைபிரிட்தான் வேண்டும் என்பதில் அக்கா அசையவில்லை. 2022 ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயானதும், அடுத்த மாதம் குறியீட்டைக் காட்டினால்தான் பெற்றோல் என்ற கியூஆர் முறை வந்து ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து ஊற்றியதும், காரே இல்லாத எங்கள் வீட்டை எப்படிப் பாதித்ததென்று நீங்கள் கேட்கலாம். பெற்றோலுக்கு நின்ற வரிசை எங்கள் பல்கனிக்குக் கீழாகத்தான் போனது. இரவு பகலாக அதைப் பார்த்த அக்கா, இனி ஒரு காலத்தில் கார் வாங்கினால் பெற்றோல் நிலையத்துக்கு வழி தெரியாத காராக வாங்குவதென்று அன்றே தீர்மானித்துவிட்டார். கொழும்பின் காலி வீதியில் ஓடுவதற்கு ஹைபிரிட் பொருந்தும் என்பதும் உண்மைதான். நெரிசலில் நிற்கும்போது இயந்திரம் அணைந்துவிடும். ஊரும்போது மோட்டர் இழுக்கும். பிறேக் பிடித்தால் வீணாகப் போகிற வேகத்தின் ஒரு பகுதி பற்றரிக்குத் திரும்பும். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை பிறேக் பிடிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத எங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த விளக்கத்தையெல்லாம் அத்தான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தபோது, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து கண் பரிசோதனைக்கு வந்திருந்த பெரியப்பா ஒரேயொரு கேள்வி கேட்டார்: "உதை நாங்கள் தொண்ணூறிலயே ஓடினனாங்கள், தெரியுமோ?" பெரியப்பாவின் ஏ-40 ஒஸ்ரின் ஊரில் ஹயருக்கு ஓடிய கார். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்துபோல் துளிக் கணக்கில்தான் கிடைத்தது என்பதால், நாலு சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தை எழுப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். ஒரு காருக்குள் இரண்டு சக்தி, முதலில் ஒன்று, பிறகு மற்றது, செலவோ மிச்சம்; யப்பான்காரன் 1997 டிசம்பரில் பிரியஸ் என்ற ஹைபிரிட் காரை விற்கத் தொடங்குவதற்கு முன்பே தான் ஹைபிரிட் சாரதியாக இருந்ததாகப் பெரியப்பா நிலைநாட்டிவிட்டார். பின்னால் வந்த கறுப்புப் புகையைப் பற்றி மாமி நினைவூட்டியதை அவர் காதில் வாங்கவில்லை.

அன்றிலிருந்து எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் பெரியப்பாவே தலைமை. வகன் ஆர் பார்த்தோம்; கூரை உயரம், மாமி குனியாமல் ஏறலாம், ஆனால் அதிலுள்ள சின்ன மோட்டர் 660 சிசி இயந்திரத்துக்குக் கைகொடுக்குமே தவிரத் தனியாகக் காரை இழுத்துக்கொண்டு ஓடாது; தவிர, கனடாவிலிருந்து வருகிறவர்களின் 23 கிலோப் பெட்டிகளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. கட்டுநாயக்க விமான நிலைய ஹயர்தான் காசு தரும் ஹயர் என்பது அக்காவின் கணக்கு. அக்குவாவில் ஏறும்போது மாமியின் கொண்டை கூரையில் பட்டது. அத்தோடு அந்த அத்தியாயம் முடிந்தது. பிரியஸின் பற்றரியில் 28 செல் என்றும், அக்சியோவில் 20 செல் என்றும் கேள்விப்பட்ட அக்கா, பழுதுபடக்கூடிய சாமான் எட்டுக் குறைவு என்ற ஒரே நியாயத்தில் அக்சியோவின் பக்கம் சாய்ந்தார். அதன் பற்றரி பின் இருக்கைக்குக் கீழே படுத்திருப்பதால் டிக்கியும் முழுதாகக் கிடைக்கிறது.

விளம்பரங்களைப் பற்றித் தனியே ஒரு நாள் எழுத வேண்டும். இந்த நாட்டில் விற்பனைக்கு வரும் கார்களையெல்லாம் ஒரு பெண் வைத்தியரே ஓட்டியிருக்கிறார். அவரும் வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓட்டியிருக்கிறார். அத்தனை காரையும் அவர் ஓட்டி முடிக்க வேண்டுமானால் நோயாளிகளை எப்போது பார்த்திருப்பார் என்று தெரியவில்லை. விலையோ அதைவிட விசித்திரம். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தபோது வரியும் சேர்ந்து வந்ததால், ஒருவர் தன் காரைப் பல வருடம் ஓட்டித் தேய்த்துவிட்டு, வாங்கிய விலையைவிடக் கூட்டி விற்கக்கூடிய நாட்டில் நாங்கள் வாழ்கிறோம். மனிதர்களுக்கும் இப்படி வயது போகப் போக விலை ஏறுமென்றால் பெரியப்பாவை எங்களால் வைத்திருக்கவே முடியாது.

தெல்கந்தைப் பக்கத்துக் கராஜ் பாஸ் ஒருவர், நல்ல மனிதர், மூன்று விடயங்களைச் சொல்லித்தந்தார். மீட்டர் காட்டுகிற கிலோமீற்றரை நம்பாமல், பிறேக் மிதியின் இறப்பரையும் ஸ்டியரிங்கின் தோலையும் சாரதி இருக்கையின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். ஸ்கான் பண்ணும்போது பற்றரிச் செல்களின் வோல்ற்றளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு செல் படுத்ததென்று அதை மட்டும் மாற்றினால், மற்றவை அதைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படுக்கத் தொடங்குமாம். மூன்றாவது, பின் இருக்கையோரம் உள்ள காற்றுவாயை ஒருபோதும் மூடக் கூடாது, ஏனென்றால் பற்றரி குளிர்வது காருக்குள்ளிருக்கும் காற்றை உறிஞ்சித்தான். "பற்றரிக்கும் ஏசியோ? எனக்கே அது ஒத்துவராது" என்றார் மாமி.

இப்படிப் படித்துத் தேறிய பிறகு, களுபோவிலையில் ஒருவரிடம் வெள்ளை அக்சியோ ஒன்று இருப்பதறிந்து சனிக்கிழமை காலை போனோம். உரிமையாளருக்குத் தமிழ் நன்றாக விளங்கும். விலை பேசும்போது மட்டும் விளங்காது. ஸ்கான் நன்றாக வந்தது, மிதி இறப்பரும் நன்றாக இருந்தது. அத்தான் பொத்தானை அழுத்த, முகப்பில் தயார் என்ற பச்சை விளக்கு எரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. பொனட்டில் கை வைத்துப் பார்த்த பெரியப்பா, "இது செத்துப்போச்சு" என்று அறிவித்தார். ஓட்டிக் காட்டித்தான் அவரை ஏற்ற முடிந்தது. உரிமையாளர் முன்னால், அத்தான் ஸ்டியரிங்கில், பின்னால் மாமியும் நானும் பெரியப்பாவுமாக வெள்ளவத்தைச் சந்தைவரை வந்தோம்.

அங்கேதான் பெரியப்பா காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். உள்ளேயிருந்து கேட்பது கணக்கில் வராது, வெளியே நின்று இயந்திரத்தின் மூச்சைக் கேட்க வேண்டும் என்று இறங்கி, பின்பக்கமாகப் போய், புகைக்குழாய்க்கு நேரே குனிந்துவிட்டார். இயந்திரம் அணைந்திருந்ததால் கேட்பதற்கு அங்கே ஒன்றுமில்லை என்பதை நான் சொல்ல வாயெடுத்தபோது, கதவு திறந்தது. இரண்டு பை மரக்கறி, அதற்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு கட்டு முருங்கைக்காய், அதற்குப் பின்னால் ஒரு அம்மா ஏறி, பெரியப்பாவின் இடத்தில் இருந்து, கதவை ஓங்கிச் சாத்தினார். கதவுச் சத்தம் கேட்ட அத்தான், பெரியப்பா ஏறிவிட்டார் என்று எண்ணிக் காரை எடுத்துவிட்டார். குனிந்தவர் குனிந்தபடி நிற்க, நாங்கள் சத்தமேயில்லாமல் போய்விட்டோம்.

"எவ்வளவு நேரமா நிக்கிறன் தம்பி? மூண்டு நிமிஷம் எண்டு காட்டினது, அது மூண்டிலேயே நிக்குது" என்று பின்னாலிருந்து புதுக்குரல் வந்ததும் அத்தான் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு நெருக்கியதால் நிறுத்தவும் முடியவில்லை.

"மன்னியுங்கோ அம்மா, இது டாக்சி இல்லை" என்றார், மிகவும் பணிவாக.

"அப்ப என்னத்துக்கு நிப்பாட்டினீர்?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் 1990 இலிருந்து தொடங்க வேண்டியிருந்ததால் அத்தான் பேசாமலிருந்தார். அந்த அம்மா கைப்பேசியில் பிடித்த டாக்சியும் வெள்ளை அக்சியோ, இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களும் ஒன்று. கொழும்பில் இது ஒரு அதிசயமே அல்ல. உண்மையான டாக்சிக்காரர் தொலைபேசியில் கத்தி, பயணத்தை இரத்துச் செய்தார். உரிமையாளர் சிங்களத்தில் ஏதோ முறையிட்டார். அந்த அம்மா அவரைவிட நல்ல சிங்களத்தில் பதில் சொன்னார். மாமியோ இதற்குள் நகர்ந்து இடம்விட்டு, பம்பலப்பிட்டிவரை தானே என்று கேட்டு, அவர் யாழ்ப்பாணத்து உடுவில்காரர் என்றும், எங்கள் சின்னம்மாவின் சம்பந்தி பகுதிக்கு உறவென்றும் கண்டுபிடித்திருந்தார்.

கிழமைதோறும் இப்படியான கார்களில் போய்வருகிறவர் என்பதால், அந்த அம்மா கேட்காமலே மதிப்பீட்டைத் தொடங்கினார். முழங்கால் இடிக்கவில்லை, நல்லது. பிளாஸ்டிக் உறை சேலையைப் பிடித்து இழுக்கிறது, கழற்ற வேண்டும். இயந்திரம் நின்ற பிறகும் ஏசி ஓடுகிறது, ஆகையால் பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை அணைக்கிற சாரதிகளின் கதை இதில் எடுபடாது. மாமி கைப்பையைக் காற்றுவாய்க்கு மேலே வைத்திருக்கிறார், எடுக்க வேண்டும். கடைசியாக, டிக்கிக்குள் ஏதோ இரும்பு ஆடுகிறது. நாங்கள் நால்வரும் காது கொடுத்தோம். உண்மைதான், ஒவ்வொரு குழியிலும் டங் என்றது. காரில் வேறு சத்தமே இல்லாததால் அது கோயில் மணிபோலக் கேட்டது. உரிமையாளரின் முகம் மாறியதை மாமி கவனித்துவிட்டார்.

அப்போது பெரியப்பா அழைத்தார். திட்டப்போகிறார் என்று எல்லோரும் ஒடுங்கியிருக்க, அவர் சொன்னது இவ்வளவுதான்: "கார் நல்லம். போனதே தெரியேல்லை."

இறங்கும்போது அந்த அம்மா, தன் கைப்பேசியில் முதலில் காட்டிய கட்டணம் 440 ரூபாய் என்று சொல்லி 500 ரூபாய்த் தாளை நீட்டினார். அத்தான் வேண்டாம் என்று கையை மடக்கிக்கொண்டார். மாமி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மிச்சம் 60 ரூபாய் எங்களிடம் இல்லாததால் உரிமையாளர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "நல்லா ஓட்டுறீர் தம்பி. பிறேக் பிடிக்கேக்க ஆள் குலுங்கேல்லை" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனார். அத்தான் திரும்பி வரும் வழியெல்லாம் பிறேக்கை அப்படியே, பால் கொதிக்காமல் பார்த்துக்கொள்கிற கவனத்தோடு பிடித்துக்கொண்டு வந்தார். வேலை நின்ற பிறகு அவரை ஒருவர் பாராட்டி நான் கேட்டதில்லை. வீட்டில் நாங்கள் அனுதாபத்தோடு நிறுத்தியிருந்தோம்.

டங் என்றது சரியாகக் கட்டாத ஜாக்தான் என்பது பெரியப்பா மீண்டும் வந்து டிக்கியைத் திறந்தபோது தெரிந்தது. ஆனால் அதை வெளியே சொல்வதற்கு முன், சஸ்பென்சன், அச்சு, இன்னும் இங்கே எழுத முடியாத பாகங்கள் என்று பேசி அவர் விலையில் ஒரு இலட்சத்தைக் குறைப்பித்துவிட்டார். அதே சூட்டில் அத்தான் காப்புறுதிக்காரரிடம் பேசி, வாடகைக்கு ஓடும் கார் என்று மறைக்காமல் பதியச் சொன்னார். "ஒன்றிரண்டு ஹயர் தானே" என்று மாமி இழுத்தபோது, "இல்லை அம்மா, டாக்சி" என்றார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த 440 ரூபாய் யாருக்குச் சொந்தம்? கார் அந்த நிமிடத்தில் தன்னுடையது, பெற்றோலும் தன்னுடையது, மிச்சக் காசும் தான் கொடுத்தது என்று உரிமையாளர் சிரித்துக்கொண்டே, ஆனால் தெளிவாகச் சொன்னார்; தமிழ் அவருக்குத் திடீரென்று முழுதாக விளங்கியது. அவருடைய 60 ரூபாயைக் கொடுத்து ஒருவாறு தீர்த்தோம். மாமி, கைநீட்டி வாங்கியது தான் என்பதால் அது பிள்ளையாருக்கு என்றார். பெரியப்பாவின் வாதம்தான் அசைக்க முடியாதது: விற்கப்பட்டது அவருடைய இருக்கை, தவிர அவர் நடந்தும் ஓட்டோவிலும் களுபோவிலைக்குத் திரும்பிய செலவை யாரும் கேட்கவில்லை.

"ஒஸ்ரினில எண்டால் இறக்கிவிட்டிட்டே போயிருக்கமாட்டம்" என்று அவர் முணுமுணுத்தபோது மட்டும் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் முப்பதாம் திகதி இரவு எங்கள் குடும்பம் தென்மராட்சிக்குப் போனது அந்தக் காரில்தான். அதில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேட்டால் பெரியப்பா எண்ணிக்கை சொல்லமாட்டார். வழியில் ஏற்றிய யாருடைய தையல் மெசின் கூரையில் இருந்தது என்பதை மட்டும் சொல்வார். அன்றைக்கு யாரிடமும் ஹயர்க் காசு வாங்கவில்லை.

அக்கா ஒரு முடிவுக்கு வந்து, லீசிங் கணக்குக்கென்று வாங்கிய கொப்பியின் முதல் வரியில் 440 என்று அத்தானின் பெயரில் எழுதிவிட்டார். பெரியப்பா இரண்டாவது வரியில் தன் ஓட்டோச் செலவு 350 ரூபாயைச் செலவுப் பக்கத்தில் எழுதச் சொல்லி இன்னும் நிற்கிறார். மாமி பிள்ளையாருக்கு என்ன பதில் சொல்வதென்று கேட்கிறார். நாளைக் காலை முதல் ஹயருக்கு முன் இருக்கையில் தான்தான் வரப்போவதாகவும், எங்கேயும் இறங்கமாட்டேன் என்றும் பெரியப்பா சொல்லியிருக்கிறார்.