அம்மாவோடு மொம்பாசா போய்வந்தது

கென்யாவிலுள்ள மொம்பாசா போகலாம் என்று முடிவானதும் நான் முதலில் பார்த்தது விமான டிக்கெட். முதலில் பார்த்திருக்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்கள் அந்த ஊசி போட்டுக்கொண்ட அட்டையைக் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் அட்டை செல்லும். எனக்கு இது தெரியவந்தபோது கையில் மூன்று வாரம்தான் இருந்தது.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மருந்துக் குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால் ஆள் கணக்குப் பார்த்துத்தான் போடுவார்கள். என் வேலை எளிதில் முடிந்தது. அம்மாவுக்கு 62 வயது. 60 தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் ஆபத்து கொஞ்சம் கூடுதல். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். முட்டை ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்டார்கள். சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்து டாக்டர் கையெழுத்துப் போட நான்கு நாள் ஆனது. நான்கு ராத்திரியும் எனக்குத் தூக்கமில்லை. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஒரு மாதம் முன்பே இதை முடித்துவிடுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

விசா வேலை இதைவிடச் சுலபம். 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் ஆன்லைனில் இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி வாங்கினால் போதும். பிளாஸ்டிக் பைகளுக்கு அங்கே 2017-லிருந்து தடை. அம்மா பருப்புப்பொடியைக் கவரில் கட்டியிருந்தார், எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றினோம்.

நைரோபியில் இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் வாங்கி, அதில் எம்-பெசா என்ற மொபைல் பணக் கணக்கும் திறந்துகொண்டேன். மொம்பாசா ரயில் டிக்கெட்டுக்கு அதிலேயே பணம் கட்டலாம். ரயில் ஏறும் முன் பெட்டிகளை எல்லாம் தரையில் வரிசையாக வைக்கச் சொல்லி மோப்ப நாயை நடக்கவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவது நல்லது. பகல் ரயிலையே பிடியுங்கள். சாவோ காட்டுக்குள் போகும்போது அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. அங்கே யானைகள் செம்மண்ணைப் பூசிக்கொண்டு செங்கல் நிறத்தில் நிற்கின்றன. ஆறு மணி நேரப் பயணத்தில் அம்மா ஒருமுறைகூடக் கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

மொம்பாசா ஒரு தீவு. தெற்குக் கரைக்குப் போக லிகோனியில் ஃபெர்ரி ஏற வேண்டும். நடந்து போகிறவர்களுக்குக் காசு கிடையாது. கேட்டைத் திறந்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே சரிவில் இறங்குகிறார்கள். எனக்குக் கை நடுங்கியது. முன்னால் போன ஒரு பெண் திரும்பிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனார். அக்கரையில் இறங்கும்வரை அந்தக் கையை விடவேயில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்காகவே இன்னொரு முறை போவேன்.

ஒரு விஷயத்தில் தடுமாறினோம். டிரைவர் மறுநாளைக்கு “சா 2” என்று எழுதிக் கொடுத்திருந்தார். மதியம் இரண்டு மணி என்று நினைத்தோம். அவர் காலை எட்டு மணிக்கே வாசலில் நின்றார். சுவாஹிலியில் நேரத்தை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள், நம் ஏழு மணிதான் அவர்களுக்கு ஒரு மணி. “நம்ம நாழிகைக் கணக்கும் சூரியன் உதிச்சதுலேருந்துதானே” என்றார் அம்மா. அதற்கப்புறம் எங்கள் இருவரில் அவர்தான் நேரத்தைச் சரியாகச் சொன்னார்.

ஜீசஸ் கோட்டையைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், வெயில் ஏறினால் பவளக்கல் சுவர் கொதிக்கிறது. போர்த்துக்கீசியர் 1593-ல் கட்டத் தொடங்கியது. அதற்கு 95 ஆண்டு முன்னால் வாஸ்கோ ட காமாவுக்கு இந்த ஊர் இடம் கொடுக்கவில்லை. பக்கத்து மாலிந்தியில் வழிகாட்டியைப் பிடித்துத்தான் அவர் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். கொத்தளத்தில் நின்று கடலைப் பார்த்தபோது அந்தப் பாதை எவ்வளவு நேரானது என்று மனதில் பட்டது.

கோட்டையை ஒட்டிய பழைய நகரத்துச் சந்தில் காலைச் சாப்பாடு. தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து எண்ணெயில் பொரித்த மஹம்ரி ரொட்டி, தொட்டுக்கொள்ள ம்பாசி. அம்மா ஒரு வாய் வைத்தார். “துவரைடி இது!” முழுத் துவரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தது. கடைக்கார அம்மாவிடம் தமிழிலேயே பக்குவம் கேட்டார். அவர் சுவாஹிலியில் பதில் சொல்லி, ஊறவைத்த துவரையையும் துருவிய தேங்காயையும் கொண்டுவந்து காட்டினார். அரை மணி நேரம் பேசினார்கள்.

திரும்பி மும்பையில் இறங்கியதும், இமிக்ரேஷனுக்கு முன்பே சுகாதார மேசையில் அட்டையைக் கேட்டார்கள். அம்மா இரண்டையும் கையிலேயே வைத்திருந்தார்.