கணக்கில் கிடந்த பணமும் அலமாரியில் கிடந்த ரசீதுகளும்

இரண்டு வருஷம் அந்த அட்டையை நான் தொடவே இல்லை. 2023 ஜனவரியில் என் கணவரின் கம்பெனியில் டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை, அதிகமான இன்சூரன்ஸுக்கு மாறினோம். கூடவே ஹெச்.எஸ்.ஏ என்ற, மத்திய வருமான வரி பிடிக்காத மருத்துவச் சேமிப்புக் கணக்கைத் திறந்து, என் பெயருக்கும் ஒரு டெபிட் கார்டு அனுப்பினார்கள். சம்பளத்துக்குச் சம்பளம் 200 டாலர் பிடித்தார்கள், வருஷத்துக்கு 4,800. கம்பெனி தன் பங்காக 1,000 போட்டது. 2024 முடியும்போது அதில் 11,600 டாலர் இருந்தது. அதே இரண்டு வருஷமும் டாக்டர் பில், மருந்து, கண்ணாடி, பல் எல்லாவற்றையும் கிரெடிட் கார்டில் போட்டு, சில மாதங்கள் அதற்கு வட்டியும் கட்டினோம்.

காரணம் பயம்தான். தவறான செலவுக்கு எடுத்துவிட்டால் 20 சதவீதம் அபராதம், அதற்கு மேல் வருமான வரி என்று முதல் நாளே கேள்விப்பட்டிருந்தோம். எது சரியான செலவு என்று எங்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. நியூ ஜெர்சியில் எங்கள் தெருவிலேயே நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் இதே நிலையில் இருக்கின்றன என்று பிறகு தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2025 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ் வெளியிடும் 502, 969 என்ற இரண்டு வெளியீடுகளையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். எதெல்லாம் மருத்துவச் செலவு என்று 502 வரிசையாகச் சொல்கிறது. 969 இந்தக் கணக்கின் விதிகளைச் சொல்கிறது. மொழி கரடுமுரடாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பிற்பகல் ஒதுக்கினால் போதும், பாதிப் பயம் போய்விடும்.

முதலில் தெளிந்தது, இது எஃப்.எஸ்.ஏ என்ற இன்னொரு வகை மருத்துவச் செலவுக் கணக்கு மாதிரி இல்லை என்பது. எஃப்.எஸ்.ஏவில் வருஷக் கடைசியில் மிச்சம் பெரும்பாலும் பறிபோகும். இதில் ஒரு காசும் போகாது. வேலை மாறினாலும் கணக்கு நம்மோடு வரும். அந்த இன்சூரன்ஸ் இருந்தால்தான் கணக்கில் பணம் போட முடியும், ஆனால் ஏற்கெனவே போட்டதை எடுத்துச் செலவழிக்க அது இருக்க வேண்டியதில்லை. விசா இழுபறியில் வேலை எப்போது மாறும் என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும்.

கணக்கு என் கணவர் பெயரில் இருந்தாலும், மனைவி, வரிக் கணக்கில் சார்ந்தவர்களாகக் காட்டும் பிள்ளைகள் ஆகியோரின் செலவுக்கும் எடுக்கலாம். அவர்கள் வேறு இன்சூரன்ஸில் இருந்தாலும் பரவாயில்லை.

முதல் செலவு என் மகளின் கண்ணாடி. கவுண்டரில் அட்டையைச் செருகும்போது கை நடுங்கியது என்றால் நம்புவீர்களா? 212 டாலர், ஒரு நொடியில் முடிந்தது. அடுத்து மருந்துக்கடை. காய்ச்சல் மாத்திரை, பேண்டேஜ், சர்க்கரை பார்க்கும் பட்டை எல்லாம் அட்டையில் போனது. பற்பசைக்கு மட்டும் கடை இயந்திரமே தனியாகப் பணம் கேட்டது. பற்பசை, பிரஷ், சும்மா சாப்பிடும் வைட்டமின், ஜிம் கட்டணம், பல் வெளுக்க வைப்பது எதுவும் செல்லாது. பெரும்பாலான பெரிய மருந்துக்கடைகளில் அந்தப் பிரிப்பை இயந்திரமே செய்துவிடுகிறது.

மாதவிடாய்க்கான நாப்கின்களும் இதில் சேரும். 2020-இல் கொரோனாவுக்காகக் கொண்டுவந்த கேர்ஸ் சட்டத்தில்தான் அவற்றைச் சேர்த்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கும் மருந்துகளுக்கும் அதே சட்டம்தான் வழிவிட்டது. ஐந்து வருஷமாக இருக்கும் உரிமை. வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தும் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. தெரிந்த பெண்கள் எல்லோருக்கும் அன்றைக்கே செய்தி அனுப்பினேன்.

பெரிய வேலை அடுத்துதான் வந்தது. கைக்காசில் கட்டிய பழைய செலவுகளை இந்தக் கணக்கிலிருந்து திருப்பி எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் காலக்கெடு இல்லை என்று படித்தபோது நம்பவே முடியவில்லை. நிபந்தனை மூன்று. கணக்கு தொடங்கிய பிறகு ஆன செலவாக இருக்க வேண்டும். இன்சூரன்ஸோ வேறு யாரோ அதைக் கொடுத்திருக்கக் கூடாது. வரியில் ஏற்கெனவே கழித்திருக்கக் கூடாது.

அலமாரியில் இருந்த பிளாஸ்டிக் பைகளைத் தரையில் கொட்டினோம். இரண்டு வருஷ ரசீதுகள். மருந்துக்கடை ரசீது பாதி வெளுத்துப் போயிருந்தது. அந்த வழவழப்புத் தாளில் எழுத்து ஒரு வெயிலைத் தாங்காது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பெயரும் தேதியும் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் கணவர் கிரெடிட் கார்டு கணக்கோடு ஒப்பிட்டார். கார்டு கணக்கில் கடைப் பெயரும் தொகையும்தான் இருக்கும், என்ன வாங்கினோம் என்று இருக்காது. அதனால் அது மட்டும் ஆதாரம் ஆகாது. ராத்திரி பதினொரு மணிக்கு 3,180 டாலருக்கு முழு ஆதாரம் தேறியது. அதற்கு மேலும் செலவு செய்திருக்கிறோம். தாள் இல்லாததால் விட்டுவிட்டோம்.

அந்தக் குவியலில் ஒரு பில் என்னை ரொம்ப வருத்தியது. மகன் சைக்கிளில் விழுந்து நெற்றியில் ஆறு தையல் போட்டது. 640 டாலர் கட்டியிருந்தோம். தேதி 2022 டிசம்பர் 21. எங்கள் கணக்கு திறந்து முதல் பணம் விழுந்தது ஜனவரியில். சில வார வித்தியாசத்தில் அது செல்லாது. பணம் எப்போது கட்டினோம் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை, சிகிச்சை நடந்த நாளைத்தான் பார்க்கிறார்கள். புதிதாகச் சேருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இன்சூரன்ஸ் தொடங்கிய அன்றே கொஞ்சம் பணமாவது போட்டுக் கணக்கை உயிரோடு வையுங்கள்.

நாங்கள் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் எனக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். ஆஸ்பத்திரி பில் இரண்டு வாரத்தில் வந்தது, 1,140 டாலர். கையில் அட்டை இருக்கிறதே என்ற தைரியத்தில் உடனே கட்டிவிட்டேன். அடுத்த வாரம் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஈ.ஓ.பி வந்தது. இது பில் இல்லை, நம் பங்கு எவ்வளவு என்று விளக்கும் தாள். அதில் என் பங்கு 415 டாலர் என்று இருந்தது. இன்சூரன்ஸோடு ஒப்பந்தப்படி தர வேண்டிய தள்ளுபடியைக் கழிப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரி எனக்குப் பில் அனுப்பியிருக்கிறது.

மீதி 725 டாலரைத் திருப்பி வாங்க ஏழு தடவை போன் பேசினேன். கடைசியில் காசோலை வீட்டுக்கு வந்தது. அதை வங்கியில் போட்டுச் செலவழித்துவிட்டால் அது தகுதியில்லாத செலவாகிவிடும். கணக்கை நடத்தும் நிறுவனத்தைக் கூப்பிட்டேன். தவறுதலாக எடுத்த பணம் என்று ஒரு படிவம் தந்தார்கள், நிரப்பி, பணத்தைத் திரும்பக் கட்டினேன். இதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த நிறுவனங்களுக்கு இல்லை. எங்களுடையது ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து ஈ.ஓ.பி வந்து, பில்லில் உள்ள எண்ணும் அதில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் தவிர ஒரு டாலரும் கட்டுவதில்லை.

ஜூலையில் மதுரைக்குப் போனோம். கீழ்வரிசையில் எனக்கு ஒரு பல் ஆறு மாதமாகக் குடைந்துகொண்டிருந்தது. இங்கே ரூட் கெனாலும் கேப்பும் சேர்த்து 2,600 டாலர் சொல்லியிருந்தார்கள். மதுரையில் அம்மா வழக்கமாகப் போகும் பல் டாக்டரிடம் நான்கு தடவை உட்கார்ந்து எழுந்தேன், 14,500 ரூபாய். வெளிநாட்டில் எடுத்த சிகிச்சையும் அங்கே சட்டப்படியானதாக இருந்தால் செல்லும். பல் வைத்தியம் மதுரையில் செய்தாலும் பல் வைத்தியம்தான்.

ரசீது வாங்குவதுதான் பாடு. கவுண்டரில் இருந்த பெண் சின்னத் தாளில் "பல் சிகிச்சை, 14,500" என்று எழுதி, முத்திரை குத்தி நீட்டினாள்.

"இதுல என் பேரு, எந்தப் பல்லு, என்னென்ன தேதியில என்ன பண்ணீங்கன்னு தனித்தனியா எழுதித் தரணும்மா" என்றேன்.

"இன்சூரன்ஸுக்காக்கா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். லெட்டர்பேடுல வேணும்."

அவள் உள்ளே போய் டாக்டரிடம் கேட்டு வந்து, பொறுமையாகக் கம்ப்யூட்டரில் அடித்துத் தந்தாள். ரூட் கெனால், எக்ஸ்ரே, கேப் மூன்றுக்கும் தனி வரி, தனித் தேதி. அதோடு பணம் கட்டிய நாளின் டாலர் மதிப்பையும் குறித்து வைத்தேன். 168 டாலர் வந்தது. டாக்டர் எழுதிய ஆன்டிபயாட்டிக்கை அங்கேயே வாங்கி அங்கேயே சாப்பிட்டு முடித்தேன், அதுவும் சேர்ந்தது. ஆனால் மூன்று மாத மாத்திரையைப் பெட்டியில் கட்டி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து அதைக் கணக்கில் காட்டுவது பொதுவாகச் செல்லாது. விமான டிக்கெட்டையும் நான் சேர்க்கவில்லை. நாங்கள் போனது அம்மாவைப் பார்க்க.

அம்மாவைப் பற்றி எழுதாமல் இது முடியாது. அதே ஜூலையில் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை அறுவை. லென்ஸோடு 62,000 ரூபாய், சுமார் 720 டாலர். கணக்கில் ஆயிரக்கணக்கில் பணம் இருக்கிறது, செய்வது மருத்துவச் செலவு, அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவது நாங்கள்தான். எடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். எடுக்க முடியாது. வரிக் கணக்கில் சார்ந்தவர் என்று ஒருவரைக் காட்ட, அவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவராகவோ, அல்லது கனடாவிலோ மெக்சிகோவிலோ வசிப்பவராகவோ இருக்க வேண்டும். மதுரையில் இருக்கும் என் அம்மா எதிலும் வரமாட்டார். எடுத்திருந்தால் 720 டாலருக்கு 144 டாலர் அபராதம், வரி தனி.

அந்த விதியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னை வளர்த்தவளை வரிச் சட்டம் என் குடும்பம் இல்லை என்கிறது. ஆனால் விதி விதிதான், மீறினால் நஷ்டம் நமக்கு. சேமிப்பிலிருந்து கட்டினோம். பெற்றோர் சில மாதம் இங்கே வந்து தங்கும்போது எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸ் பிரீமியமும் இதில் வராது. போன வருஷம் அம்மா வந்தபோது அவளுக்கென்று ரத்த அழுத்தக் கருவி வாங்கினோம். அதைச் சாதாரண கார்டில்தான் வாங்கினேன். இப்போது நினைத்தால் அது நல்லதாகப் போயிற்று.

சின்னச் சின்னதாக விட்டுப்போவது ஒன்று உண்டு. மகனுக்கு முழங்காலுக்குப் பிசியோதெரபி, வீட்டிலிருந்து போய்வர 18 மைல், 24 தடவை. மருத்துவத்துக்காகக் கார் ஓட்டினால் 2025-இல் மைலுக்கு 21 சென்ட் எடுக்கலாம். கணக்குப் போட்டால் 90 டாலர் 72 சென்ட். பார்க்கிங்கும் டோலும் தனியாகச் சேரும். காலண்டரில் தேதி இருந்ததால் எளிதாக எழுதிவிட்டேன்.

வரி நேரத்தில் வேலை பெரிதாக இல்லை. எவ்வளவு எடுத்தோம் என்று 1099-எஸ்.ஏ என்ற தாள் வருகிறது, அதை வைத்து 8889 படிவத்தை நிரப்ப வேண்டும். ரசீதுகளை அனுப்ப வேண்டாம், கேட்டால் காட்ட வீட்டில் இருக்க வேண்டும். ஒரு செலவும் செய்யாத வருஷத்திலும் பணம் போட்டிருந்தால் அந்தப் படிவம் உண்டு. நியூ ஜெர்சிக்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: மத்திய வரியில் கிடைக்கும் சலுகையை இந்த மாநிலம் தருவதில்லை, கலிபோர்னியாவும் அப்படித்தான். கம்பெனி தரும் வருஷச் சம்பளச் சான்றான டபிள்யூ-2வில் மாநிலச் சம்பளத் தொகை கூடுதலாக இருப்பதைப் பார்த்து நான் பிழை என்று நினைத்துப் பதறியது அதனால்தான்.

தேறிய 3,180 டாலரை நாங்கள் மொத்தமாக எடுக்கவில்லை. கிரெடிட் கார்டில் வட்டி ஓடிக்கொண்டிருந்த 1,900-ஐ மட்டும் எடுத்து அடைத்தோம். மீதி ரசீதுகள் காத்திருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம், அந்தப் பணம் உள்ளேயே வளர்ந்தால் மத்திய வரி இல்லை. இதில் என் கணவருக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை உண்டு. அவர் எதையுமே எடுக்காமல் 65 வயது வரை வைக்கலாம் என்கிறார், அதன்பின் மருத்துவம் அல்லாத செலவுக்கு எடுத்தாலும் அபராதம் கிடையாது, வரி மட்டும்தான். கடன் வட்டி கட்டிக்கொண்டு சேமிப்பதில் அர்த்தமில்லை என்பது என் எண்ணம்.

இப்போது எந்த ரசீது வந்தாலும் கடை வாசலிலேயே போனில் படம் எடுத்துவிடுகிறேன். தேதி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு, கணக்கிலிருந்து எடுத்தாயிற்றா என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு தாளில் எழுதுகிறேன். அடுத்த மாதம் மகளுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டுகிறார்கள். அதன் முதல் தவணை அந்த அட்டையில்தான்.

அம்மாவுக்கு இடது கண் அறுவை தை மாதம். அதற்கென்று மாதம் 100 டாலர் வேறொரு கணக்கில் போட்டு வருகிறோம்.